உந்த

பகலில் சுற்றுநிருபம்.
ஒட்டுசுட்டான் பிரதேச செயலகத்தில்
உர மானியத்தையும் பிறப்புப் பதிவையும் தமிழாக்குவது என் வேலை.
இரவில், மின்சாரம் நின்றுபோகாவிட்டால்,
இங்கிலாந்தின் வடக்கே ஓர் இடையன்
மழைக்குள் நின்று எனக்காகக் காத்திருப்பான்.

நானூறு பக்க நாவல்.
அவன் கதைப்பது என்னிடமுள்ள அகராதியில் இல்லை.
‘கின்னல்’ என்கிறான். இரண்டு நாள் தேடினேன்.
மதிலுக்கும் மதிலுக்கும் இடையில் ஒடுங்கிய வழி.
அட, ஒழுங்கை!
‘நெஷ்’ என்றால் கூதல் தாங்கமாட்டாதவன்.
‘க்ளார்ட்டி’க்கு நான் யோசிக்கவேயில்லை:
மாரியில் முத்தையன்கட்டுப் பாதை
செருப்பைக் கழற்றி வாங்கிக்கொள்கிற சுரி.

பிறகு அந்த ‘யொன்’.
இதுவுமில்லை, அதுவுமில்லை,
அதுக்கும் அங்காலை, மேட்டு விளிம்பில் தெரிகிற ஒன்றை
அவன் நாடியால் காட்டுகிற சொல்.
எங்களிடமும் ஒரு மூன்றாவது உண்டு. உது.
ஆனால் எங்களது நடுவில் நிற்கும்,
என் கைக்கு எட்டாமல் உன் காலடியில்.
பொருந்தாது என்று தெரிந்தும்
அவன் வாயில் ‘உந்த’ என்று வைத்தேன்.
ஒரு மலையைக் கிட்ட இழுத்துவிட்டேன்.
பாவமோ, தெரியாது.

தவநிதிக்கு வாசித்துக் காட்டினேன்.
அறுபது மாட்டுப் பட்டி அவளுடையது.
இடையன் பகுதி சரியோ என்று கேட்கப் போனது.
கண்டை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்.
செம்மறியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
“துரை ஏன் புத்தகத் தமிழ் கதைக்கிறார்?
மேய்க்கிறவன் மட்டும் ஏன் எங்களை மாதிரி?”
“மூலத்தில் அப்பிடி.”
“அங்கை அப்பிடியெண்டா
இஞ்சையும் அப்பிடியோ?”

அன்றிரவு துரையின் வாயைத் திறந்து
‘என்பதாகும்’களைப் பிடுங்கினேன்.
“உதென்ன விசர்க்கதை” என்றார் அவர், முதல் தடவையாக.
துரைசானி “கெதியா வாங்கோ” என்றாள்.
கதை சொல்கிற குரலுக்கும் கூதல் அடித்தது.
இனி இடையனைத் தனியாகப் பார்த்துச் சிரிக்க ஆளில்லை.
ஆனால் துரைக்கும் அவனுக்கும் நடுவிலிருந்த வேலியும் போயிற்று.
அந்த வேலிதான் கதை என்பது
பதினோராம் அத்தியாயத்தில் உறைத்தது.
திரும்ப நடவில்லை.

சென்னையிலிருந்து மெய்ப்பு வந்தது,
அன்பான கடிதத்தோடு.
‘அச்சுப் பிழைகள் நானூற்றுப் பன்னிரண்டு
திருத்தப்பட்டுள்ளன.’
ஒழுங்கை சந்து. சுரி சேறு.
கெதியா, சீக்கிரம்.
உதுகள் எல்லாம் அதுகள்.

ஒன்று தப்பியிருந்தது.
இருநூற்று எழுபதாம் பக்கம்,
மகளைப் புதைத்துவிட்டு மேட்டில் நிற்கிறான்.
நான் எழுதியது:
“உந்தக் காத்து இருக்குமட்டும் நான் நடப்பன்.”
அச்சில்:
“உந்தக் காற்று இருக்கும்வரை நான் நடப்பேன்.”
உந்துவதற்கு, தள்ளிவிடுவதற்கு என்று எடுத்திருப்பார்.
பொருள் வருகிறதுதானே.
வேறொருவரின் அடையாள அட்டையோடு
சோதனைச்சாவடி கடந்து வந்திருக்கிறது சொல்.

சிவப்புப் பேனையால்
நானூற்றுப் பன்னிரண்டையும் திருப்பி எழுதுகிறேன்.
இந்த வரியில் காத்தை மீட்டேன், நடப்பனை மீட்டேன்.
உந்தவைத் தாண்டும்போது
மூச்சுக்கூட விடவில்லை.