செம்மறி வரும் முன்னே

பதினெட்டுப் பத்தி எழுதிவிட்டேன்,
கடலுக்கு அடியில் ஓடும் சுரங்கச் சாலையைப் பற்றி,
அதன் கூரை இரவெல்லாம் சொட்டும் உப்புநீரைப் பற்றி,
அந்த நீரை அளப்பதற்கென்றே
ரப்பர் காலணியோடு உள்ளே போய் வரும்
ஹானுஸ் என்கிற மனிதரைப் பற்றி.
மீன் தொழிற்சாலையில் கணக்கெழுதியது போக
மிஞ்சிய ஏழு மாத இரவுகள் அதற்குச் செலவு.

இனி அதை யாராவது படிக்க வேண்டும்.

எழுதுவது குளிர்ந்த கடலில் குதிப்பது போல.
குதித்தால் முடிந்தது.
எழுதியதைச் சொல்லித் திரிவது
ஈர உடையோடு
கிளாக்ஸ்விக் கடைத்தெருவில் நடப்பது.
இங்கே எல்லோருக்கும் என்னைத் தெரியும்.
ரன்வா, ஏன் நனைந்திருக்கிறாய் என்று கேட்பார்கள்.

செவ்வாய், இரவு எட்டு மணி என்றாள் சுன்வா.
கோபன்ஹேகனில் ஒரு தயிர் நிறுவனத்துக்கு
இதே வேலைதான் பார்க்கிறாள்.
"பாத்திரம் கழுவிக் கை காய்ந்திருக்கும்,
கட்டைவிரல் சும்மா கிடக்காது.
முதல் வரியில் தூண்டில் வை.
கடைசியில் ஒரு கேள்வி கேள்.
ஒரே வாசகத்தை இரண்டு முறை போடாதே,
ஒரே கட்டுரையை ஏழு முறை போடு."
பூக்கடைக்கு விளம்பரம் வேண்டாம்தான், சுன்வா.
சுரங்கக் கசிவுக்கு?

போட்டேன்.
எட்டு ஐந்துக்குக் கால்பந்து தொடங்கியது.
தீவு மொத்தமும் டிவிக்குள் போய்விட்டது.
மூன்று லைக்.
ஒன்று அண்ணி, படிக்காமல்.
ஒன்று பல் மருத்துவர், விரல் தவறி.
இன்னொன்று நான்தான்,
தையல் குழுவின் கணக்கிலிருந்து.

அடுத்த வாரம் ஒரு வரியை மட்டும் பிய்த்தெடுத்து
நீலப் பின்னணியில் பெரிய எழுத்தில் வைத்தேன்:
கடல் நம் தலைக்கு மேல் பொறுமையாக இருக்கிறது.
யார் தவறிவிட்டார்கள் என்று விசாரித்தார்கள்.
பாதிரியார் போனில் கூப்பிட்டார்.

மூன்றாவது, சுரங்க வாயிலின் படம்.
மழை. மஞ்சள் விளக்கு.
ஓரத்தில், நான் பார்க்காமலே வந்து நின்ற
ஒரு செம்மறி.

நானூற்றுப் பன்னிரண்டு லைக்.
இடது காதின் வெட்டைப் பெரிதாக்கிப் பார்த்து
இது யார் வீட்டு ஆடு என்று அறுபது பேர் சண்டை.
எல்லை வேலியை எட்டு வருடமாகக் கட்டாதவன் பெயர்
நடுவில் வந்தது.
அவனும் வந்தான்.
ஷேர் ஆனது, ஷேர் ஆனது,
நார்வேயில் யாரோ அதற்குத் தொப்பி வரைந்தார்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே.
எனக்கோ, மணியோசை கேட்டதும்
கூட்டம் திருப்தியாகக் கலைந்துவிட்டது.
யானை தெருமுனையில்
மழையில் நின்றுகொண்டிருந்தது.

அதிகாலை மூன்று பத்துக்கு ஒரு செய்தி.
வணக்கமில்லை, இதயக்குறி இல்லை,
முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு படகு.
"நிமிடத்துக்கு நாற்பது லிட்டர் என்று இருக்கிறது.
தவறு. நாற்பத்திரண்டு."

அந்த எண்
பதினாறாவது பத்தியில் இருக்கிறது,
ஒரு நீண்ட வாக்கியத்தின் வால் பக்கம்.
அதுவரை யாரும் தற்செயலாக வர முடியாது.
பம்பு அறை, துருப்பிடித்த ஏணி,
ஹானுஸின் மௌனம் பற்றிய மூன்று சலிப்பூட்டும் பத்தி
எல்லாவற்றையும் தாண்டி
ஒருவர் நடந்து வந்திருக்கிறார், விளக்கைப் பிடித்தபடி,
நான் தப்பாக அளந்த இடம் வரை.

எழுந்து உட்கார்ந்தேன்.
நாற்பதை அழித்து நாற்பத்திரண்டு ஆக்கினேன்.
நன்றி என்று எழுதினேன், அழித்தேன்,
கடைசியில் "திருத்திவிட்டேன்" என்று மட்டும் அனுப்பினேன்.
பார்த்துவிட்டார். பதில் இல்லை.

இன்று மறுபடி செவ்வாய்.
சுரங்க வாயிலில் நிற்கிறேன்,
ஒரு கையில் குடை, ஒரு கையில் போன்,
கோட்டுப் பையில் ரொட்டித் துண்டு.
அது புல் மேய்கிறது,
பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு.
திரும்பு, என் செல்லமே.
ஏழரை ஆகிவிட்டது.