கால் புள்ளி

வாழைச்சேனையில், ஐஸ் ஆலைக்கு மேல்மாடி.
இரவு ஒன்றே முக்கால்.
துறைமுகத் தராசுகள் அனுப்பிய நிறைகள்
மெசேஜ் புரோக்கரின் வாசலில் தேங்கிக் கிடக்கின்றன.
சூரை நாற்பத்திரண்டு கிலோ, பாரை பதினொன்று,
அதன் பின்னால் எண்ணாயிரம் செய்தி.

கிளாஸ் கிடைக்கவில்லை என்கிறது லொக்.

கிடைக்கவில்லையாம்!
நான் எழுதிய ஜார், நானே லிப் கோப்புறையில் போட்டது.
பதினேழு கிலோபைட். பெயர் சரி, அனுமதி சரி.
கண்ணுக்கு முன்னால் குந்திக்கொண்டிருக்கிறது.

ப்ளேன்டியோடு படியேறி வந்த இம்தாத்
தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.
"வெள்ளத்துக்கு எங்கட வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி.
ஜீஎஸ்ஸிட லிஸ்டில பேர் இல்ல.
வீடு நிண்டதுதான், நிவாரணம் வரல்ல.
இதும் அந்தக் கததான்."

கிளாஸ்பாத் வரியைத் திறந்தேன்.
விண்டோஸில் பழகிய கை
இரண்டு பாதைக்கும் நடுவில்
அரைப்புள்ளி வைத்திருந்தது.
இங்கே லினக்ஸ். முக்காற்புள்ளி கேட்கும்.
வாழைச்சேனையையும் ஓட்டமாவடியையும்
ஒரே பெயராக ஒட்டி வாசித்துவிட்டு
அப்படியொரு ஊரே இல்லை என்று
பேசாமல் இருந்திருக்கிறது.

அரைக்கும் முக்காலுக்கும்
வித்தியாசம் கால்தான்.
திருத்தி, நிறுத்தி, மறுபடி ஏற்றினேன்.

முதலில் போனது சூரை நாற்பத்திரண்டு.
மீனோ நேற்றே பேலியகொடைக்குப் போய்
யாருடைய சட்டியிலோ வெந்திருக்கும்.

உன்ட வீட்டுக்கு என்ன புள்ளி விட்டுப்போச்சு என்று
கேட்கத் திரும்பினேன்.
இம்தாத் கீழே
ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தான்.