நேரம் குறிக்கப் போனவன்

இரண்டே முக்கால்.
கோ.புதூரில் மொட்டைமாடிக்குக் கீழே கடைசி அறை.
கட்டிலுக்கடியில் என் பழைய சர்வர்
டவுன்பஸ் பாலமேறுவதுபோல் இரைகிறது.

திரையில் ஒரு ப்ராசஸ் தூங்குகிறது.
உலுக்கினால் எழுந்திருக்கிற தூக்கமில்லை.
ஒன்பதாம் எண் சிக்னல் அனுப்பிப் பார்த்தேன்.
எமனையே வாசலில் உட்காரவைக்கிற தூக்கம்.

இதற்கு நான் ஒன்றுதான் சொல்லியிருந்தேன்:
காத்திருக்காதே.
எழுத வந்ததை நினைவகத்தில் போட்டுவிட்டுத் திரும்பு.
அழுக்கான பக்கங்கள் வாளியில் ஊறட்டும்,
வட்டில் கொண்டுபோய் அலச வேறு ஆள் உண்டு.
கோப்பின் பூட்டு இன்னொரு கையில் இருந்தால்
தொட்டுப் பார்,
கிடைக்காவிட்டால் வந்துவிடு.
கதவோரம் நிற்காதே.

கேட்டுக்கொண்டது.
தொட்டது, கிடைத்தது, உள்ளே போனது.
போனது போனதுதான்.

இந்த மாடியில் ஏழு பேருக்கு ஒரு குளியலறை.
செய்யது இதில் கைதேர்ந்தவன்.
மூன்றரைக்கு மாட்டுத்தாவணியில் பூமூட்டை இறக்க வேண்டும்.
ஒற்றை விரலால் கதவைத் தள்ளுவான்,
தாழ் போட்டிருந்தால்
அதே நடையில் திரும்பிவந்து படுத்துக்கொள்வான்.
இன்றைக்கு மூன்று முறை தள்ளிவிட்டான்.
நான்காம் முறை கையால் அறைந்தான்.

உள்ளே நீலமேகன்.
தண்ணீர்ச் சத்தம் எப்போதோ நின்றாயிற்று.
“குளிச்சு முடிச்சுட்டேன் மாப்ள,
நோட்டுல எழுதணும்ல,
பேனாவக் காணோம்.”

லாரித் தண்ணீர் வாங்கத் தொடங்கிய சித்திரையில்
வீட்டுக்கார அமுதவல்லி ஆணியில் தொங்கவிட்ட நோட்டு:
பெயர், எத்தனை வாளி, எத்தனை மணி.
மணி எழுதாமல் ஒருவன் வெளியே வந்தால்
மறுநாள் ஏழு பேருக்கும் மோட்டார் ஓடாது.

அந்தக் கணத்தில் எல்லாம் விளங்கியது என்று எழுதினால் பொய்.
எரிச்சலாகத்தான் இருந்தது.
ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு
தூங்குகிறவனின் தடத்தை மறுபடி
கீழிருந்து மேலாகப் படித்தேன்.

எழுது என்று வந்த அழைப்பு.
பூட்டு.
அதற்கு மேல்,
கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தைக் குறி.
நேரம் குறிக்க ஜர்னலில் இடம் வேண்டும்.
ஜர்னல் நிரம்பியிருக்கிறது.
இடம் விழ வட்டு சுழல வேண்டும்.
வட்டோ, வட்டின் வேகத்தில்.

கையில் பூட்டு. பின்னால் பதினோரு பேர்.
ஒரு எழுத்துகூட இன்னும் நகலாகவில்லை.
நீலமேகனாவது குளித்துவிட்டான்,
இது சட்டையைக்கூடக் கழற்றவில்லை.
நேரத்தைக் குறிக்கப் போன இடத்தில்
நேரம் போய்க்கொண்டிருக்கிறது.

நாலு வரி சேர்த்தேன்.
நேரம் குறிக்க நிற்க வேண்டிவருமென்றால்
பூட்டை விடு,
மறுபடி வா என்று சொல்லி அனுப்பு.
நிற்பதற்கென்றே பின்கட்டில் ஒரு தொழிலாளி இருக்கிறான்,
அவன் நின்றுகொள்ளட்டும்.

(அவன் நிற்பதைப் பற்றி
யாரும் புகார் எழுதுவதில்லை.
அதை இன்னொரு நாள் பார்க்க வேண்டும்.)

சேமி என்றேன்.
சேமித்தேன் என்றது.
அந்தச் சொல்லுக்கு அது கொள்ளும் பொருள்
எனக்குத் தெரியாதா?

அப்போது பார்த்து
அழகர்கோயில் சாலை மொத்தமும் இருண்டது.
யூ.பி.எஸ். கீச்சிடத் தொடங்கியது.
பாட்டரிக்கு வயது ஐந்து,
மூன்று நிமிடம் தாங்கினால் அதிகம்.

நினைவகத்தில் இருப்பதையெல்லாம் வட்டில் இறக்கு
என்று தட்டினேன்.
இது திரும்பிவராத கட்டளை, முடியும்வரை நிற்கும்.
தூங்குகிறவனுக்குப் பின்னால்
பன்னிரண்டாவதாக என் நாலு வரி.

கீச்.
கீச்.
கர்சர் சிமிட்டுகிறது, வேறொன்றுமில்லை.
காத்திருக்காதே என்று உலகத்துக்கே சொன்னவன்
முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இருட்டில் செய்யது செருப்பைத் தேடுகிறான்,
குளிக்காமலே கிளம்புகிறான்.

உள்ளிருந்து நீலமேகன்:
“பேனா கெடச்சிருச்சு.
மணி எத்தனடா?”