நூற்று அறுபது விழுக்காடு

சாஸ்கடூனில் பெப்ரவரி.
வெளியே சுழியத்துக்குக் கீழே முப்பத்து நாலு பாகை.
உள்ளே, ஆய்விதழ் அனுப்பிய படிவம்
ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்கிறது:
இந்தக் கட்டுரையில் உங்கள் பங்கு எத்தனை விழுக்காடு?

பேராசிரியர் ஃப்ரீசன் நாற்பது என்றார்.
புள்ளிவிவரம் பார்த்த இக்னாசியோ முப்பத்தைந்து.
மாணவி ஆன்-சோஃபி, தயங்கி, இருபத்தைந்து.
துறைத்தலைவர் பதினைந்து.
அவர் தந்தது ஒரு குளிர்ப்பெட்டியும்
தலைப்பில் ஒரு காற்புள்ளியும்.
நான் நாற்பத்தைந்து போட்டேன்
(மனதுக்குள் ஐம்பது).
கூட்டினால் நூற்று அறுபது.

என் அப்பா வவுனியா டிப்போவில் கண்டக்டர்.
இரவு கணக்கு ஒப்படைக்கையில்
ஐந்து ரூபாய் கூடினாலும்
குறைந்தது போலவே முழித்துக்கொண்டு நிற்பார்.
கூடுவதும் களவுதான் என்பது அவர் கட்சி.

அவரை இழுக்கக் காரணம் இருக்கிறது.
கார்த்தியாயினி என்பது நான்.
அட்டவணைகளுக்கு நான் அருளம்பலம்.
தகப்பன் பெயரைக் குடும்பப் பெயரென்று
கடவுச்சீட்டு நம்பியதில்
பதினான்கு கட்டுரைகளும்
முந்நூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்களும்
பருப்புச் செடியின் வேரழுகல் பற்றி
ஒரு வரியும் வாசிக்காத மனிதரின்
கணக்கில் ஏறியிருக்கின்றன.
"அருளம்பலம் முதலானோர் நிறுவியபடி" என்று
டெக்சாஸில் யாரோ எழுதுகிறார்.
அவர் நிறுவியது வேறு:
மிதிபலகையில் எட்டுப் பேர் நிற்கலாம் என்பது.

சரி, படிவம்.
ஐந்து பேரும் பொய் சொல்லவில்லை, அதுதான் சங்கடம்.
தன் கை பட்டது தனக்குத் தெரியும்.
அடுத்தவர் கை படும் நேரத்தில்
நாம் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்போம்.

என் நாற்பத்தைந்தை மண் போகக் கழுவிப் பார்த்தேன்.
எண்ணம் பேராசிரியருடையது.
சூத்திரம் இக்னாசியோவுடையது.
வாக்கியங்கள் என்னுடையவை.
அந்த வாக்கியங்கள் ஊன்றி நிற்கிற எண்கள்,
மூவாயிரத்து இருநூறு வேர்கள்,
ஒவ்வொன்றையும் அலசி, விளக்குக்கு நேரே பிடித்து,
அழுகலுக்குச் சுழியம் முதல் ஐந்துவரை போட்ட மதிப்பெண்,
லோர்னா ஹவ்ரிலுக்கினுடையவை.
வயல் உதவியாளர். இருபத்திரண்டு ஆண்டுகள்.
கடைசிப் பக்கத்தில், உரக் கம்பெனிக்குப் பிறகு,
அவளுக்கொரு நன்றி இருக்கிறது.

பெயர் தொலைந்த புலவனுக்கு
அவன் சொன்ன உவமையையே பெயராக வைத்த மொழி என்னுடையது.
அந்த வழக்கப்படி
இக்னாசியோ, நள்ளிரவுப் பிழைதேடியார்.
துறைத்தலைவர், காற்புள்ளியார்.
இவள், பனிநாள் வேர்கழுவியார்.
படிவம் அதற்கெல்லாம் மசியாது.
ஆளுக்குப் பதினாறு இலக்க எண் வேண்டுமாம்.
அவளிடம் இருப்பது
கொட்டகைச் சாவியின் எண்: ஏழு.

இறங்கிப் போனேன்.
"உன் பெயரையும் போடப்போகிறேன், லோர்னா. ஆசிரியர்களில் ஒருத்தியாக."
குழாயை அவள் மூடவில்லை.
"அதற்கு வண்டி நிறுத்த இடம் தருவார்களா?"
"இல்லை."
"பிழையென்று யாராவது வந்தால் என்னையும் கேட்பார்களா?"
"கேட்பார்கள்."

இப்போது குழாயை மூடினாள்.
கையுறையைக் கழற்றினாள், விரல் விரலாக.

"அப்படியென்றால் நூற்றுப் பதினான்காம் பாத்தி.
ஆகஸ்ட். எனக்குக் காய்ச்சல்.
இரண்டுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாத கண்ணோடு
நாற்பது வேருக்கு மதிப்பெண் போட்டேன்.
யாரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை."

அதுவரை படிவத்தில்
ஒருவரும் ஒரு சந்தேகத்தை நிரப்பியிருக்கவில்லை.

துறைத்தலைவரின் குளிர்ப்பெட்டியைத் திறந்தோம்
(அந்தப் பதினைந்தில் ஒன்றிரண்டு நியாயம்தான்).
அடித்தட்டில், அவள் கையெழுத்தில், 114.
பையைக் குலுக்கினால்
உறைந்த வேர்கள் வளையல் துண்டுகள்போலச் சத்தமிட்டன.
ஒன்றை எடுத்து, இளக விட்டு,
விளக்குக்கு நேரே பிடித்தாள்.
நான் பேனாவைத் திறந்தேன்.

"இரண்டு," என்றாள்.
பிறகு, "பொறு."