சிவப்புப் புள்ளி

என் டம்ளரின் அடியில்
பெயிண்ட்டால் ஒரு சிவப்புப் புள்ளி.
அவர் வைத்தது. நானும் கேட்கவில்லை.

கண்ணில் மஞ்சள் இல்லை,
சோறு இறங்கியது.
ஏழாம் மாதச் சீட்டில் மட்டும்
ஹெபடைடிஸ் பி, பாசிட்டிவ்.

சயான் ஆஸ்பத்திரியில்
மகள் பிறந்த மூன்றாம் மணியில்
தொடைக்கொன்றாக இரண்டு ஊசி. வீறிட்டாள்.
"பால் கொடு," என்றாள் நர்ஸ் மராத்தியில்,
"தட்டு, டம்ளரால் ஒட்டாது. ரத்தத்தால் ஒட்டும்.
புருஷனை வரச் சொல்."

போனார்.
தாராவியில் எத்தனை கன்னம் கண்ட பிளேடோ,
அவருக்கே ஞாபகமில்லை.
வந்த சீட்டை நான்காக மடித்துச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இரவு அடுப்படியில் தின்னர் வாசனை.
காலையில் டம்ளர்கள் கவிழ்ந்து கிடந்தன.
எது என்னுடையதென்று
எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.