நான்காவது பலகை

ஓல்டனில் நாங்கள் இருந்த வீடு
வாடகைக்கு வந்திருக்கிறது.
மூன்றாம் மாடி, மூன்றரை அறை,
புதன் மாலை ஐந்தரைக்குப் பார்க்கலாம்.

படியில் பதினெட்டுப் பேர்.
எனக்கு வீடு தேவையில்லை.
என்றாலும் நின்றேன்,
சம்பளத் துண்டோடு வந்திருந்த ஒரு பெடியனுக்கு முன்னால்.

குசினியில் புது அடுப்பு.
அப்பா படுத்த அறையில்
யாருடையதோ சைக்கிள் தொங்குகிறது.

அப்பாவுக்குப் பாண் தொழிற்சாலையில் இரவு வேலை.
புருவத்தில் மாவோடு வந்து
விடிந்தபிறகு படுப்பார்.
லீவு நாட்களில்
நானும் கஜீபனும் உதட்டால் கதைத்தோம்.
சண்டையும் அப்படித்தான்:
சத்தமில்லாமல் கிள்ளி, சத்தமில்லாமல் அழுது.
யார் தோற்றதென்று அம்மா
முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பா.

இரவு கீழ்வீட்டு ஃபிராவ் எகரின் முறை.
பத்து மணிக்குப் பிறகு தண்ணி திறந்தால்
எங்கள் காலுக்குக் கீழே
தும்புத்தடியால் இரண்டு இடி.

ரயிலுக்கு மட்டும் சத்தம் போட உரிமை இருந்தது.
சரக்கு வண்டி கடக்கும் அந்த அரை நிமிடத்தில்
இருமுவோம், மூக்குச் சீறுவோம்,
அலுமாரியைப் பூட்டுவோம்.
ஒருமுறை கஜீபன்
பாடக்கூடச் செய்தான்.

இன்றைக்கும்
பிடியைத் திருப்பிப் பிடித்தபடிதான் கதவைச் சாத்துகிறேன்.
அலுவலகத்தில் பின்னால் போய் நின்றால் துள்ளி விழுகிறார்கள்.
கோபம் வந்தால் என் குரல் இறங்குகிறது;
பயந்துபோவது கணவர்தான்.
பிரசவத்தில் கத்து கத்து என்றாள் தாதி.
நான் பல்லைக் கடித்துக்கொண்டு
ஏதோ ஒரு ரயிலுக்காகக் காத்துக் கிடந்தேன்.
மகள்தான் கத்திக்கொண்டு வந்தாள்.

முகவர் பெண் நடைவழியில் முன்னே போனாள்.
நான்காவது பலகை வந்ததும்
என்னைக் கேட்காமலே என் கால்
ஒரு எட்டு அகலமாய் வைத்தது.
முப்பது வருடம் கழித்தும் அளவு பிசகவில்லை.
பின்னால் வந்த பெடியன் மிதித்தான்.

கிரீச்.

மூச்சை நிறுத்தி
அந்த அறைக் கதவைப் பார்த்தேன்.
கட்டில் நெரியவில்லை.
யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.
"பழைய மரம், ஜூனுக்குள் மாற்றிவிடுவார்கள்"
என்றாள் முகவர்,
மன்னிப்புக் கேட்பதுபோல.

ஸ்டேஷனில் நின்று அப்பாவுக்கு எடுத்தேன்.
சூர்சேயில் கஜீபனோடு இருக்கிறார்.
காது மந்தம்;
அவருடைய டிவி தெருமுனைவரை கேட்கும்.
வீட்டைப் பார்த்தேன் என்றேன்.
"என்ன?"
வீடு, அப்பா. பழைய வீடு.
"பலத்துக் கதை பிள்ளை, ஒண்டும் கேக்கேல்லை."

இரண்டாம் பாதையில்
சிவப்பு விளக்கு எரிந்தது.
கொஞ்சம் பொறுங்கோ என்றேன்,
சரக்கு வண்டி வரட்டும்.