தக்கை வேண்டாம்

இசெகெம் ஏலத்தில் எடுத்தேன்.
ஒரு கோழிக்கூண்டையும் சேர்த்துத்தான் தள்ளிவிட்டார்கள்.
கூண்டை அங்கேயே விட்டு வந்தேன்.

பந்தய சைக்கிள். எஃகு. பெயர் இல்லை.
பெயர் ஒட்டியிருந்த இடத்தில் வெளிறிய நீள்வட்டம்,
மோதிரம் கழற்றிய விரல்போல.
பச்சைக்கு அடியில் வெண்ணெய் நிறம்,
நகத்தளவு சுரண்டினால் அதற்கும் அடியில் ஒரு சிவப்பு.
பெடல் அச்சுக்கூட்டின் அடிவயிற்றில்
இரண்டு எண்கள்: 41, 7.
ஏழு இடப்பக்கம் சாய்ந்திருந்தது,
கைமாற்றி அடித்ததுபோல.

நான் பல் கட்டுபவள்.
பிறர் வாய்க்குப் பொன் உருக்குகிறேன்.
அரம் எங்கே நின்றது, எங்கே மூச்சு வாங்கியது
என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.
மூட்டுகளின் விளிம்பை இத்தனை மெலிதாய் அராவிய கை
கூலிக்கு மணி பார்த்த கை அல்ல.
பித்தளை ஓரிடத்திலும் வழியவில்லை.

மூன்று குளிர்காலம் விசாரித்தேன்.
ரூசெலாரேயில் ஓடில் என்பவர்
முன்கவையை ஒருமுறை தடவிவிட்டு
"என் மாமா செய்தது" என்றார்.
மாமா செய்ததாக அவர் சொல்லும் வண்டிகளைக் கூட்டினால்
மாமா உறங்கியே இருக்கமாட்டார்.
கோர்ட்ரெய்க்கில் ஒருவர் இத்தாலி என்று சத்தியம் செய்தார்.
41 என்றால் வருஷம், என்றார் இன்னொருவர்;
போர் நடுவில் யாருக்கம்மா பந்தயம், என்றாள் அவர் மனைவி.
லீல் நகரத்துத் தரகர் பூதக்கண்ணாடியை மடித்துவைத்து
விலையைச் சொன்னார், பூர்விகத்தைச் சொல்லவில்லை.

ஒன்றில் மட்டும் எல்லோருக்கும் ஒரே வாய்:
கிராங்க் இரண்டும் ஜோடி இல்லை.
வலது நூற்றெழுபது. இடது நூற்று அறுபத்தைந்து.
"எவனோ கிடைத்ததை மாட்டியிருக்கிறான்.
மாற்றிவிடு, அப்புறம்தான் மதிப்பு."

மாற்றத்தான் கழற்றினேன்.
இடது கிராங்கின் உட்புறம்
பிசுக்கைத் துடைத்ததும் மயிரளவு ஒரு பித்தளைக் கோடு.
வெட்டி, குறைத்து, மறுபடி சேர்த்திருக்கிறது.
பக்கத்தில் அதே சாய்ந்த ஏழு.

அன்று இரவு சூப் அடிப்பிடித்தது.
கை தவறவில்லை.
கால் ஒன்று கேட்டிருக்கிறது.

செய்தவரைத் தேடுவதை விட்டேன்.
காலைத் தேடினேன்.

இசெகெம் காலணி ஊர்.
நகராட்சிக் கிடங்கில் ஈரம் ஊறிய பெட்டிகள்,
சாவி வைத்திருந்த பெர்லிண்டாவுக்குத் தும்மல் நிற்கவில்லை.
பதினான்காவது பேரேட்டில், ஊதா மசியில்:

டெஸ்ரூமோ, காமீல். செங்கல் சூளை.
நடைக்கு ஒரு ஜோடி: இடது அடியில் தக்கை, பதினொன்று மில்லிமீட்டர்.
பந்தயத்துக்கு ஒரு ஜோடி: தக்கை வேண்டாம்.
வண்டி பார்த்துக்கொள்ளும் என்கிறார்.
பாக்கி: நாற்பது பிராங்க்.

பார்த்துக்கொண்டதா?
ஆர்தோய் திருவிழாப் பந்தயத்தில் பதினேழாம் இடம்,
அச்சுப்பிழையோடு ஒரு வரி.
அவ்வளவுதான் கிடைத்தது.
சாய்ந்த ஏழு யாருடைய ஏழு, சிவப்பு எப்போதைய சிவப்பு,
எதுவும் தெரியாது.
பாக்கியை யாரும் அடிக்கவில்லை.

தரகர் மறுபடி அழைத்தார், ஜோடி சேர்த்தாயா என்று.
சேர்ந்தேதான் இருந்தது என்றேன்.

ஞாயிறு காலை கால்வாய்க் கரையில் ஓட்டினேன்.
என் கால் இரண்டும் சம நீளம்.
எதிர்காற்றில் அர்டோய் வரை
விந்தி விந்தித்தான் போனேன்.